பூட்டக்கூடிய காற்று வால்வு

பூட்டக்கூடிய காற்று வால்வு என்பது, ஓர் இயந்திரத்துக்குச் செல்லும் அழுத்தக் காற்றை நிறுத்தி, அந்த நிலையிலேயே பூட்டுப் போட்டு வைக்க இடமளிக்கும் வால்வு ஆகும். பழுதுபார்ப்பவரின் கை இயந்திரத்துக்குள் இருக்கும்போது வேறு யாரும் அறியாமல் காற்றைத் திறந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். எளிய கருவிதான். ஆனால் இத்தகைய பூட்டு சட்டத்தில் இடம்பெற நெடுங்காலம் பிடித்தது.

அழுத்தக் காற்றின் ஆபத்து

அழுத்தக் காற்றின் ஆற்றலை உலகுக்குக் காட்டிய தொடக்ககாலப் பெரும்பணி, பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் செனி ரயில் சுரங்கப்பாதையாகும். 1857 இல் தொடங்கிய இப்பணியில் 1861 முதல் காற்றால் இயங்கும் துளைப்பான்கள் பாறையைக் குடைந்தன. பாதை 1871 இல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதே ஆற்றல் தொழிற்சாலைகளுக்குள் பரவி, பிடிப்பது, தள்ளுவது, தூக்குவது போன்ற வேலைகளைச் செய்யத் தொடங்கியது.

மின்சாரத்தை நிறுத்தினால் மோட்டார் நின்றுவிடும். காற்று அப்படியல்ல. கம்ப்ரசர் ஓய்ந்த பின்னும் தொட்டியிலும் குழாயிலும் சிலிண்டரிலும் அழுத்தம் தங்கியிருக்கும். 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 6 பார் அழுத்தம் இருந்தால், பிஸ்டன் சுமார் 480 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். சிக்கிய பொருளை ஒருவர் விடுவித்ததும், அமுக்கி வைத்த சுருள்வில்லைப் போல அது பாயக்கூடும். இயந்திரத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்திருப்பதால், பார்ப்பவருக்கு அது 'செத்துப்போன' இயந்திரமாகவே தோன்றும். இந்த ஏமாற்றம்தான் காற்றின் தனி ஆபத்து.

அட்டையா, பூட்டா?

அமெரிக்காவில் இது பெரிய விவாதமாயிற்று. 'திறக்காதே' என்று எழுதிய அட்டையை வால்வில் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்றது ஒரு தரப்பு. பூட்டு வேண்டும் என்றது மற்றொரு தரப்பு. அட்டை எச்சரிக்கும், தடுக்காது. அவசரத்தில் இருப்பவர் அதைக் கழற்றிவிடலாம். எண்ணெய்க் கறை படிந்து எழுத்தும் மறையலாம். ஐக்கிய மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் 1979 இல் பூட்டு விதி கோரி அரசிடம் மனுக் கொடுத்தது. 1973 முதல் 1995 வரை பணியிடத்தில் இறந்த அச்சங்க உறுப்பினர் 414 பேரில் 83 பேரின் மரணத்துக்கு, ஆற்றலை முறையாகத் துண்டிக்காததே காரணம் எனக் கணக்கிடப்பட்டது. சங்கம் விடாப்பிடியாக நின்றதன் நியாயம் இந்த எண்ணிலேயே தெரிகிறது.

மனுவுக்குப் பத்தாண்டுகள் கழித்து, 1989 செப்டம்பரில், தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிர்வாகம் 1910.147 என்ற விதியை வெளியிட்டது. அது 1990 சனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நிறுவப்படும் புதிய இயந்திரங்களின் ஆற்றல் துண்டிப்புக் கருவிகள் பூட்டு ஏற்பவையாக இருக்க வேண்டும். மின்சாரத்துடன் காற்று, நீர்ம அழுத்தம், நீராவி ஆகியவையும் இதில் அடங்கின. எனினும் அட்டை முறை முற்றிலும் ஒழிக்கப்படவில்லை. முழுப் பாதுகாப்பு உண்டென நிறுவனம் நிரூபித்தால் அதற்கும் இடம் தரப்பட்டது. விதியை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. விளக்கம் கேட்டு 1991 இல் விதியைத் திருப்பி அனுப்பிய நீதிமன்றம், 1994 இல் அதை ஏற்றது. ஐரோப்பாவிலும் 1989 ஆம் ஆண்டின் இயந்திர நெறிமுறை பூட்டக்கூடிய துண்டிப்பான்களைக் கோரியது.

வால்வு செய்யும் வேலை

சாதாரண வால்வை மூடினால் புதுக் காற்று வராது; ஏற்கெனவே உள்ளே போன காற்று அங்கேயே அடைபட்டுவிடும். அதனால் மூன்று வாய் கொண்ட வால்வே இவ்வேலைக்கு உகந்தது. இதை மூடும்போது வரும் வழி அடைபடும். இயந்திரப் பக்கத்துக் காற்று மூன்றாம் வாய் வழியே சீறி வெளியேறும். கைப்பிடியிலோ உடலிலோ உள்ள துளையில் பூட்டு மாட்டப்படும். பலர் சேர்ந்து வேலை செய்தால், பல துளைகள் கொண்ட கொக்கியில் ஒவ்வொருவரும் தம் பூட்டை மாட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்திருப்பர். கடைசிப் பூட்டு கழறும் வரை காற்று வராது.

வால்வைப் பூட்டிய பின்னும் அழுத்தமானி சுழியத்தைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னோட்டம் தடுக்கும் வால்வுகளுக்கு அப்பால் காற்று தேங்கியிருக்கலாம். செங்குத்தாகப் பாரம் தூக்கும் சிலிண்டரில் காற்று வெளியேறினால் பாரமே கீழே விழும். அங்கு முதலில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வால்வைத் தொடுவார்கள்.