மச்சு பிச்சுவின் வீட்டுச் சாமான்

அந்தப் பானையைத் தரையில் வைத்தால் நிற்காது. அடி கூம்பு, கழுத்து நீளம், இடுப்பில் இரண்டு காது. காதுகளில் கயிற்றைக் கோத்து மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினால் முதுகில் சுமந்து மலை ஏறலாம். உள்ளே இருப்பது சிச்சா: முளைகட்டிய மக்காச்சோளத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்த, கள் மாதிரியான பானம். சிச்சா இல்லாமல் இன்கா மன்னரின் விருந்து இல்லை. மச்சு பிச்சுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்லில் தொடங்குவார்கள். எனக்கு இந்தப் பானைதான் முக்கியம். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. பானைதான் நூறு ஆண்டு வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியது.

பெரு நாட்டின் குஸ்கோவைச் சுற்றியிருந்த சிறிய இன்கா அரசைப் பேரரசாக்கியவர் பச்சகுட்டி. உருபாம்பா ஆற்றுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில், 15ஆம் நூற்றாண்டில் அவருக்காக எழும்பிய மாளிகைதான் மச்சு பிச்சு. நகரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நெரிசலான நாளிலும் அங்கே 750 பேர்தான் இருந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. மன்னர் வருவது ஆண்டில் சில மாதம். மற்ற நாளெல்லாம் அது வேலையாட்களின் ஊர். 1532இல் ஸ்பானியர் பெருவுக்குள் நுழைந்து அரசைச் சிதறடித்த பிறகு விருந்து வைக்க ஆளில்லை. ஊர் காலியானது. பானைகள் கல்லறைக் குகைகளில் எலும்புகளுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டன.

1911 ஜூலை 24 அன்று யேல் பல்கலைக்கழகத்தின் ஹிராம் பிங்காம் அங்கே ஏறினார். வழி காட்டியவர் உள்ளூர் விவசாயி மெல்சோர் ஆர்தேயாகா. கூலி ஒரு சோல் நாணயம். மேலே போனால் ரிச்சார்த்தே, அல்வாரெஸ் என்று இரண்டு குடும்பங்கள் இன்காக்களின் படிவயல்களிலேயே பயிர் செய்துகொண்டிருந்தன. அல்வாரெஸ் வீட்டுச் சிறுவன்தான் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். மூன்று சன்னல் கோயிலின் சுவரில் அகுஸ்தின் லிசாரகா என்பவர் 1902லேயே கரியால் தன் பெயரை எழுதிவைத்திருந்தார். ‘தொலைந்த நகரம்’ என்கிறார்களே, யாருக்குத் தொலைந்தது?

அடுத்த ஆண்டு பிங்காம் ஆட்களோடு திரும்பி வந்தார். எலும்பியல் வல்லுநர் ஜார்ஜ் ஈட்டன் நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகளைத் திறந்தார். அவர்கள் தேடிய தங்கம் அகப்படவில்லை. பானைகள், வெண்கல ஊசிகள், எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒரு வெண்கலக் கத்தியின் கைப்பிடியில் ஒரு பையன் படுத்துக்கொண்டு, கயிற்றில் மாட்டிய மீனை இழுக்கிறான். எல்லாம் பெட்டியில் ஏறி, யேல் இருக்கும் அமெரிக்காவின் நியூஹேவனுக்குப் போயின. பெரு அரசு சும்மா கொடுத்துவிடவில்லை. கேட்டால் திருப்பித் தரவேண்டும் என்று 1912 ஆணையிலேயே எழுதியிருந்தது. 1913 ஏப்ரலில் நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் முழுவதும் மச்சு பிச்சுவுக்கே போனது. ஊர் பேர் வாங்கியது அப்போதுதான். வீட்டுச் சாமான் அதற்குள் கடல் தாண்டியிருந்தது.

நியூஹேவனில் அந்த எலும்புகளை வைத்து ஒரு தவறான கதை பிறந்தது. பெரும்பாலானவை பெண்களுடையவை என்றார் ஈட்டன். உடனே பிங்காம் மச்சு பிச்சுவைச் சூரியக் கடவுளுக்கு நேர்ந்துவிட்ட கன்னியரின் ஊராக்கிவிட்டார். ஆந்தீஸ் மலைமக்கள் சிறுகூடான உடல்வாகு உள்ளவர்கள் என்பதை ஈட்டன் கணக்கில் எடுக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து மானுடவியலாளர் ஜான் வெரானோ மறுபடி பார்த்தபோது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். 2023இல் வெளிவந்த மரபணு ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அங்கே புதைக்கப்பட்ட 34 பேரைச் சோதித்ததில், அவர்கள் பேரரசின் பல மூலைகளிலிருந்தும், அமேசான் பக்கத்திலிருந்தும்கூட, கொண்டுவரப்பட்ட ஊழியர்கள் என்று தெரிந்தது. அவர்களைப் பற்றிக் கல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெரு கேட்டது, யேல் இழுத்தடித்தது. 2008இல் வழக்கு அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனது. எத்தனை பொருள் என்பதிலேயே சண்டை: பானையை எண்ணுவதா, ஓட்டாஞ்சில்லை எண்ணுவதா? யேல் சில ஆயிரம் என்றது, பெரு நாற்பதாயிரத்துக்கு மேல் என்றது. 2010 நவம்பரில் உடன்பாடு. 2011 மார்ச்சில் முதல் பெட்டிகள் பெருவின் தலைநகர் லிமாவில் இறங்கின. அடுத்த ஆண்டு இறுதியில் கடைசித் தொகுதியும் வந்து சேர்ந்தது. இப்போது அவை குஸ்கோவின் காசா கோன்சா மாளிகையில் இருக்கின்றன. அந்த மாளிகை நிற்பது பச்சகுட்டியின் மகன் துபாக் இன்கா யுபான்கியின் அரண்மனை இருந்த இடத்தில். அப்பா வீட்டுச் சாமான் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறது.

மலை மேலே நிலைமை வேறு. 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னம், 2007இல் புதிய ஏழு அதிசயங்களில் ஒன்று. கூட்டம் தாங்காமல் அரசு நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, போகும் வழியையும் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்துவிட்டது. முன்பதிவு இல்லாமல் போனால் ஏமாற்றம்தான். விளம்பரப் படம் பிடிக்கப் போனவர்களின் பாரந்தூக்கி விழுந்து 2000இல் இந்திவாத்தானா என்ற சடங்குக் கல்லின் மூலை உடைந்தது. கூட்டம் வருவதில் தப்பில்லை. அந்த மலையும் மேகமும் யாரையும் இழுக்கும். ஆனால் அங்கே பார்ப்பது கூரை போன, பாத்திரம் இல்லாத வீடுகளை.

காசா கோன்சா குஸ்கோவின் முதன்மைச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடை. ரயில் ஏறுவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பானையைப் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள்.