உள்ளே போகும் பிள்ளைகள், வெளியே வரும் பூதங்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கும் தமிழ் மாயக்கதைப் படமும்

2019 மார்ச் 21 அன்று மலேசியத் திரையரங்குகளுக்கு வந்த ‘உப்பின் & இப்பின்: கெரிஸ் சியாமாங் துங்கால்’ என்ற அனிமேஷன் படத்தில், கம்போங் துரியான் ருந்தோ சிறுவர்கள் ஒரு மாயக் கெரிஸ் கத்தி திறந்துவிட்ட வாசல் வழியே இந்திரலோகம் என்னும் நாட்டுக்குள் போய் விழுகிறார்கள். அங்கே அவர்கள் சந்திப்பவர்கள் வெறும் அரக்கர்களும் மந்திரவாதிகளும் அல்லர். பள்ளிக்கூடத்திலும் பாட்டி வாயாலும் கேட்டுப் பழகிய மாட் ஜெனின், பாக் பெலாலாங், சி தங்காங், ராஜா பெர்சியோங் ஆகியோரே எதிரே வந்து நிற்கிறார்கள். படத்தைத் தயாரித்த லெஸ் கொப்பாக் நிறுவனம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஷா ஆலம் நகரில் இயங்குவது. சுமார் 2 கோடி ரிங்கிட் செலவில் உருவானதாகச் சொல்லப்பட்ட இப்படம், 92ஆவது ஆஸ்கர் விருதுகளில் சிறந்த அனிமேஷன் படப் பிரிவின் பரிசீலனைக்குச் சென்ற 32 படங்களில் ஒன்றாகவும் இருந்தது. குடும்பத்தோடு பார்க்கும் மாயக்கதைப் படம் ஒன்றை இந்த வட்டாரத்திலேயே எடுத்து உலகத்தின்முன் வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

தமிழ்ப் பார்வையாளருக்கு எளிதாக எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இதில் நம் கதை எங்கே? இதன் மூலமான தொலைக்காட்சித் தொடரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அங்கிள் முத்துவும் அவர் மகன் ராஜூவும் இருக்கிறார்கள். சீனச் சிறுமி மெய் மெய்யும் பஞ்சாபிச் சிறுவன் ஜர்ஜித்தும் இருக்கிறார்கள். ஆனால் இந்திரலோகத்தில் உயிரோடு உலவும் கதைமாந்தர் மலாய் நாட்டார் கதைகளிலிருந்து வந்தவர்களே. எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே ஊரில் விளையாடலாம், ஒரே வாசல் வழியே போகலாம்; போய்ச் சேரும் கதை மட்டும் ஒரு மொழிக்குரியது. இந்தக் குறை நியாயமானதுதான். ஆயினும் அது பாதி உண்மையே என்பதும், மீதிப் பாதியைக் கண்டால் கேள்வியே வேறாகிவிடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாட் ஜெனினை எடுத்துக்கொள்வோம். கூலிக்குத் தென்னை ஏறுபவன் அவன். மரத்தின் உச்சியில் இருந்தபடியே கணக்குப் போடுகிறான்: கூலியாகக் கிடைக்கும் தேங்காயை விற்றால் கோழி, கோழி பெருகினால் ஆடு, ஆடு பெருகினால் மாடு, அப்புறம் வணிகம், செல்வம், கடைசியில் இளவரசி. இளவரசியோடு கொஞ்சும் மும்முரத்தில் மட்டையைப் பிடித்திருந்த கையை விட்டுவிடுகிறான். பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியைப் படித்தவருக்கு இவன் புதியவன் அல்லன். அங்கே ஒரு பிராமணன் தன் கட்டிலுக்கு மேலே மாவுப் பானையைத் தொங்கவிட்டு, பஞ்சகாலத்தில் அதை விற்று ஆடு, பசு, எருமை, குதிரை, வீடு, மனைவி, பிள்ளை என்று அடுக்கிக்கொண்டே போய், கனவு மனைவியை உதைக்கும் வேகத்தில் பானையை உடைக்கிறான். மாவெல்லாம் கொட்டி அவன் உடம்பு வெளுக்கிறது. சிரிப்புதான் மிச்சம்.

இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடுதான் அதிகம் பேசுகிறது. பிராமணன் படுத்திருக்கிறான், அவனுக்குச் சேமிப்பு இருக்கிறது, நட்டம் ஒரு பானை. மாட் ஜெனினுக்குச் சேமிப்பு எதுவும் இல்லை. அவன் வேலை செய்துகொண்டே கனவு காண்கிறான்; நட்டம் உயிர். ஆசையைக் கேலி செய்த கதை கூலிக்காரனின் கதையாக மாறும்போது அதன் ஆபத்து தரையிலிருந்து மர உச்சிக்கு ஏறிவிட்டது. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிறந்த தலைமுறைக்கு, பானைக் கதையைவிடத் தென்னைக் கதையே நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த உறவு எப்படி வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பகற்கனவுக் கதை உலகெங்கும் அலைவது. ஒப்புமை என்பது கடன் வாங்கியதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் ஒரு வழி மட்டும் ஐயமின்றித் தெரிகிறது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர், 1835இல் ஒரு தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்தே மலாய்க்குக் கொண்டுவந்தார். வடமொழியிலிருந்து நேராகவும் அல்ல, பாரசீகம் அரபு வழியாகவும் அல்ல, தமிழிலிருந்து. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர வசனம் சென்னையில் வெளிவந்த அதே காலப்பகுதியை ஒட்டியது இது. நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகக் கருதப்படுபவரின் மேசையில் ஒரு தமிழ்க் கதைநூல் திறந்து கிடந்தது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

மற்றவர்களில் இருவரைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். சோதிடம் தெரியாமலே தற்செயலால் சோதிடராகிவிடும் பாக் பெலாலாங், கதாசரித்சாகரத்தின் ஹரிசர்மனுக்கு உறவு. பி. ரம்லி 1959இல் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். சமையற்காரர் செய்த பிழையால் மனித இரத்தத்தின் சுவை கண்டு அலைந்த கெடாவின் கோரைப்பல் மன்னன் ராஜா பெர்சியோங், நரமாமிசம் பழகிய மன்னனைப் பற்றிய சுதசோம ஜாதகத்தை நினைவூட்டுகிறான். ஆக, அந்த இந்திரலோகம் தமிழ்ப் பிள்ளைக்கு முழுக்க அந்நிய நாடு அன்று. அங்கே நம் பழைய உறவினர்கள் வேறு உடையில், வேறு பெயரில் குடியிருக்கிறார்கள். கதை இல்லை என்பதைவிட, இருக்கும் கதையில் நம்மை அடையாளம் காண வழி இல்லை என்பதே சரியான குறை.

இனி வாசலின் திசை. கதை உயிர்பெறும் படங்கள் இரண்டு திசைகளில் நடக்கின்றன: மனிதர் கதைக்குள் போவது, கதை மனிதர் தெருவுக்கு வருவது. கோர்னேலியா ஃபுங்கேயின் நாவலைத் தழுவி 2008இல் வந்த ‘இங்க்ஹார்ட்’ படத்தில் உரக்கப் படித்தால் பாத்திரங்கள் புத்தகத்திலிருந்து வெளியே வருகிறார்கள். ஆனால் ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே போக வேண்டும் என்பது அங்கே சட்டம். புத்தகம் என்ற சுவர் உறுதியாக இருக்கும் பண்பாட்டின் கற்பனை அது. ‘கெரிஸ் சியாமாங் துங்கால்’ படத்தில் போக்கு உள்நோக்கியது. உள்ளே போகும் நாடு பார்ப்பவர் அனைவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் இவ்வகை வெற்றி பெறும். பொதுப் பாடத்திட்டமும் தேசிய மொழியும் ஒன்றாகப் பழக்கிவைத்த கதைகள் இருந்ததால்தான் இந்தப் படம் அறிமுகம் எதுவும் இல்லாமல் மாட் ஜெனினை நம் முன் நிறுத்த முடிந்தது.

தமிழ்த் திரையின் போக்கு பெரும்பாலும் எதிர்த் திசை. 1939இல் வந்த ‘ரம்பையின் காதல்’ படத்தில் தேவலோக ரம்பை பூமிக்கு வந்து, சாபத்தால் சிலையாகி, ஓர் அப்பாவியின் வாழ்க்கைக்குள் நுழைகிறாள். 1967இன் ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் சாடியிலிருந்து வெளிவந்த ஜீபூம்பா (ஜாவர் சீதாராமன்) சென்னையில் திரிகிறது. 2023இல் மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ படத்தில் கோழைத்தனமான ஓவியன் ஒருவன் தான் வரையும் சித்திரக்கதை நாயகனின் கதைசொல்லும் குரலைத் தன் காதுக்குள் கேட்கிறான். அவன் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர் உதிர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றிலும் மாயம் தேடிப்போகும் பொருள் அன்று, வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விருந்தாளி. தெய்வம் இறங்கி ஆள்மேல் வரும் என்பதைக் கண்ணால் கண்ட மக்களுக்கு இது வியப்பாகவும் இருக்காது.

‘ரம்பையின் காதல்’ படத்தை இயக்கிய பி. என். ராவ் பின்னாளில் மலாயாவுக்கு வந்து, 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக ‘பொந்தியானாக்’ படத்தை எடுத்தார். ரம்பை பூமிக்கு வந்ததைப் போலவே மலாய்க் கம்பத்துப் பேய்ப்பெண்ணும் அவர் கையில் திரைக்கு வந்தாள். அப்படத்தின் பிரதி இன்று இல்லை. அதிராம்பட்டினத்தில் பிறந்த எல். கிருஷ்ணன், பி. ரம்லிக்கு முதல் நாயக வேடம் கொடுத்தவர், பின்னர் கோலாலம்பூரின் உலு கிள்ளானில் எழுந்த மெர்டேக்கா ஸ்டுடியோவின் முதல் படத்தை இயக்கினார். மலாய்க் கதைகளைத் திரையில் உயிர்ப்பித்த கைகளில் சில சென்னைப் படக்கூடங்களில் பழகிய கைகள். அவர்கள் தமிழ்ப் பார்வையாளருக்காக இங்கே ஒரு மாயக்கதை எடுத்ததாகத் தெரியவில்லை. எடுக்கச் சொல்ல முதலாளியும் இல்லை. அந்தத் தேவையைச் சென்னைப் படங்கள் கப்பலில் வந்து தீர்த்துவைத்தன.

இங்கேதான் சிக்கல். பூதம் தெருவுக்கு வரும் கதைக்குத் தெரு தெரிந்திருக்க வேண்டும். கொலிசியம் திரையரங்கில் உட்கார்ந்து ‘பட்டணத்தில் பூதம்’ பார்த்த கிள்ளான் சிறுவனுக்குப் பூதமும் புதிது, பட்டணமும் புதிது. இரண்டும் ஒரே அளவு மாயமாகத் தெரிந்தால் அங்கே மோதல் இல்லை. மோதல் இல்லாமல் நகைச்சுவை பாதி செத்துவிடும்.

இங்கே ஒரு தமிழ் மாயக்கதைப் படம் எடுக்கப் பணம்தான் தடை என்பார்கள். 2 கோடி ரிங்கிட் செலவிடக்கூடிய தமிழ்த் தயாரிப்பாளர் இந்த நாட்டில் இல்லை என்பது சரி. ஆனால் வெளியே வரும் வகைக்கு இந்திரலோகத்தைக் கட்டத் தேவையில்லை. ‘மாவீர’னின் மாயம் ஒரு குரல், அவ்வளவே. தெருதான் செலவு, அந்தத் தெரு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

அதைத் திரைக்குத் தந்தவை யதார்த்தப் படங்கள். தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) ரப்பர்த் தோட்டத்தையும், ‘சலங்கை’ (2007) பிரிக்பீல்ட்ஸையும் காட்டின. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டம் இழந்து புறநகருக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தில் வளரும் அப்போய் என்ற குறும்புக்காரச் சிறுவனின் கதை. தமிழில் பேசியதால் தேசிய மொழிப் பட வரிசைக்கு வெளியே தள்ளப்பட இருந்த அது, சர்ச்சைக்குப் பின் 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. மாயக்கதை இல்லாத குறைக்கு இந்த யதார்த்தப் போக்கையே குற்றம் சொல்பவர்கள் உண்டு: குண்டர் கும்பல், குடி, வறுமை என்றே பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் எப்படி என்று. என் கருத்து நேர்மாறானது. மலாய் கலந்த நம் தெருத் தமிழைக் கூச்சமில்லாமல் திரையில் பேசவைத்ததால், ‘ஜகாட்’ பூதம் வந்து இறங்குவதற்கு ஒரு தரையை அமைத்துவிட்டது.

எந்தப் பூதம்? கடாரம் கொண்டான் புகழ் பாடும் சோழக் கனவு இங்கே அடிக்கடி தலைதூக்குகிறது. கப்பல், யானை, வாள் எல்லாம் அதில் வரும். அது உள்ளே போகும் வகை, அதிலும் மிகச் செலவான வகை. போதாக்குறைக்கு, இங்கு வாழும் தமிழர்களில் பெரும்பாலோரின் முன்னோர் வந்தது சோழர் கப்பலில் அல்ல, கங்காணி கூட்டிவந்த கப்பலில். பத்துமலையின் இராமாயணக் குகை வேறொரு வழி. வாசலில் 15 மீட்டர் உயரத்துப் பச்சை அனுமன் நிற்க, உள்ளே வண்ண விளக்கில் ஒவ்வொரு காட்சியும் சுதைச் சிலைகளாக வரிசையில் நிற்கிறது. மல்லாந்து கிடக்கும் பெரிய கும்பகருணனை எழுப்பக் குட்டி அரக்கர்கள் படாதபாடு படும் இடத்தில்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள். அங்கே கதையின் ஊடே நடந்து போகலாம். கதை நம்மோடு வீடு வரைக்கும் வராது.

நான் சொல்வது தோட்டத்துக் கதைகளை. பால்மரக் காட்டின் ஓரத்தில், ஒரு மரத்தடியில், கல்லும் சூலமும் சுருட்டுமாக இருந்த முனியையும் மதுரை வீரனையும் சங்கிலிக் கருப்பனையும் பற்றி ஒவ்வொரு தோட்டமும் தனிக் கதை வைத்திருந்தது. விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் அந்தக் கதைகளைச் சொல்லித்தான் இருட்டைக் கடந்தார்கள். சிங்கப்பூரில் முனீஸ்வரன் வழிபாடு எப்படி நகரத்துக்கு ஏற்ப உருமாறியது என்பதை ஆய்வாளர் வினீதா சின்ஹா 2005இல் நூலாகவே எழுதினார். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது சில முனிகள் கோபுரக் கோயிலுக்குள் குடிபோயின, சில இடம்பெயர்ந்தன, சில காணாமலே போயின. தமிழ்ப்பள்ளி வாசிப்பு நூல்களில் தெனாலிராமனுக்கும் மரியாதைராமனுக்கும் இடம் கிடைத்தது. தோட்டத்து முனிக்கு இடம் கிடைக்கவில்லை. மலாய்ப் பிள்ளைக்கு மாட் ஜெனினைப் போல எல்லோருக்கும் தெரிந்த ஒரு தோட்டத்துக் கதைமாந்தர் நம் பிள்ளைகளுக்கு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே போகும் வகைக்கு இது பெரும் இழப்பு. வெளியே வரும் வகைக்கு அப்படி இல்லை. யாருக்கும் தெரியாத ஒரு முனி தெருவில் வந்து நின்றால்தான் வேடிக்கை. இடிக்கப்பட்ட லயத்தின் காவல்தெய்வம் தன் மரத்தைத் தேடி நெடுஞ்சாலையோரம் எழுந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தெரிந்த எல்லைகள் நிரை எண்ணும் ஓடையும் மட்டுமே. அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருக்கும் சிறுமி அதற்கு வழிகாட்ட வேண்டும். அப்போது திரைக்கதை ஆசிரியர் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி தந்திரக் காட்சி பற்றியதாக இருக்காது. முனி எந்தத் தமிழில் பேசும் என்பதாக இருக்கும். சென்னைப் படப் பூதம்போல் அடுக்குமொழியில் முழங்கினால் கிள்ளானில் எந்தப் பிள்ளையும் அதை நம்பாது. மலாய்ச் சொற்கள் விரவிய தோட்டத் தமிழில், சுருட்டுக்குக் காசு கேட்டு அதட்டினால் நம்பும்.