பூட்டு யார் கையில்? சிஎஸ்வியும் விஎம்எஃப்எஸ்ஸும்

என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறை, வட்டு ஒரே சர்வருக்குச் சொந்தம் என்று நம்பி எழுதப்பட்டது. இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் அதன் அட்டவணையைத் திருத்தினால் வால்யூமே பாழ். எனவே பல சர்வர்கள் ஒரே வட்டைப் பகிரும் கிளஸ்டரில் பூட்டு வேண்டும். அதை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் மைக்ரோசாஃப்ட்டும் விஎம்வேரும் பிரிகின்றன.

விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல் அறிமுகமான மைக்ரோசாஃப்ட்டின் சிஎஸ்வி (கிளஸ்டர் ஷேர்டு வால்யூம்), ஒவ்வொரு வால்யூமுக்கும் ஒரு நோடைப் பொறுப்பாளராக்குகிறது. கோப்பை உருவாக்குவது, பெயர் மாற்றுவது போன்றவை அதன் வழியாகவே நடக்கும்; சாதாரண எழுத்தும் வாசிப்பும் ஒவ்வொரு நோடிலிருந்தும் நேரே வட்டுக்குப் போகும். ஒரு நோடுக்கு ஸ்டோரேஜ் பாதை அறுந்தால், அதன் தரவு கிளஸ்டர் நெட்வொர்க் வழியே சுற்றிப்போகும். அதில் ஓடும் விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) நிற்பதில்லை, மெதுவாகின்றன. நள்ளிரவில் இது பெரிய வரம். ஆனால் கோளாறு வெளியே தெரியாமல் நாட்கணக்கில் கிடக்கவும் இதுவே வழி. இன்னொன்று: சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) வட்டை ரெஃப்எஸ் கோப்பு முறையில் வடிவமைத்தால் எப்போதுமே இந்தச் சுற்றுவழிதான். இது தெரியாமல் வேகம் போதவில்லை என்று ஸ்டோரேஜைக் குறை சொல்வதில் பயனில்லை.

விஎம்வேரின் கோப்பு முறையான விஎம்எஃப்எஸ்ஸில் அப்படியொரு பொறுப்பாளர் கிடையாது. பூட்டு வட்டிலேயே எழுதப்படுகிறது. ஒவ்வொரு ஹோஸ்டும் தான் உயிரோடிருப்பதை வால்யூமின் ஒரு பகுதியில் விடாமல் பதிக்கும்; பதிவு நின்றால் மற்றவை அதன் பூட்டை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுக்காக முழு லன்னையே (ஸ்டோரேஜ் பெட்டி தரும் வட்டையே) பிடித்து வைத்தார்கள். பல விஎம்கள் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கினால் மற்ற ஹோஸ்டுகள் காத்துக் கிடந்தன. 2010-இல் விஎம்வேரின் விஸ்பியர் 4.1 கொண்டுவந்த ஏடிஎஸ் என்ற பூட்டுமுறை அந்தப் பிடியை ஒரு செக்டாருக்குச் சுருக்கியது. ஸ்டோரேஜ் பெட்டியும் அதை ஆதரிக்க வேண்டும். பூட்டு சிக்கினால், விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கட்டளை அதை வைத்திருக்கும் ஹோஸ்டின் மேக் முகவரியையே காட்டிவிடும். இங்கே ஒரு ஹோஸ்டின் ஸ்டோரேஜ் பாதைகள் எல்லாம் அறுந்தால் அதன் தரவைச் சுற்றிக் கொண்டுபோக வேறு ஹோஸ்ட் இல்லை; விஎம்கள் உறைந்து நிற்கும்.

ஆக, சிஎஸ்வி வைத்திருப்பவர் நெட்வொர்க்கையும், விஎம்எஃப்எஸ் வைத்திருப்பவர் ஸ்டோரேஜ் பெட்டியையும் முதலில் பார்க்க வேண்டும். பூட்டின் அமைப்பில் விஎம்எஃப்எஸ்ஸே எனக்கு மேலாகப் படுகிறது. பழுதை அது மறைப்பதில்லை. சிஎஸ்வியை நடத்துபவர்களே, கெட்-கிளஸ்டர்ஷேர்டுவால்யூம்ஸ்டேட் கட்டளையை நாள்தோறும் ஓட்டுங்கள். நேர்வழியில் இருக்கவேண்டிய நோடு சுற்றுவழிக்குப் போயிருந்தால், காரணத்தை அன்றே தேடுங்கள்.