கனியிலிருந்து கொடிக்கு

முலாம்பழம் வாங்குகிறவர் அதை முகர்ந்து பார்ப்பார்; தோலின் வலைப்பின்னலைத் தடவிப் பார்ப்பார். அது காய்த்த கொடியைப் பற்றி அவர் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. வியப்பு என்னவென்றால், நல்ல முலாம்பழத்தை உருவாக்கப் புறப்பட்ட அறிஞர்களும் நெடுங்காலம் அந்த வாங்குபவரின் கண்களாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். அப்பார்வை பழத்திலிருந்து கொடிக்கு இறங்கிவர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

பிரெஞ்சு வேளாண் அறிஞர் ஒகுஸ்தேன் சஜ்ரே இருவகை முலாம்பழங்களைக் கலந்து தாம் கண்டதை 1826-இல் வெளியிட்டார். தாய்ச்செடியின் பழம் வெண்சதையும் வெண்விதையும் வழவழப்பான தோலும் புளிப்பும் கொண்டது. மகரந்தம் தந்த காந்தலூப் வகையிலோ மஞ்சள் சதை, மஞ்சள் விதை, வலை பின்னிய தோல், புடைத்த வரிகள், இனிப்பு. பாலும் நீரும் போல இவை கலந்து இடைநிலைப் பழம் ஒன்று கிடைக்கும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. கிடைத்ததோ வேறு. ஒரு பழத்தில் தந்தையின் மஞ்சள் சதையும் வலைத்தோலும் இருந்தன. விதையின் வெண்மையும் புளிப்பும் தாயுடையவை. பண்புகள் கரைவதில்லை, பிரிந்து பங்கிடப்படுகின்றன என்று சஜ்ரே உணர்ந்தார். மெண்டல் தம் பட்டாணி ஆய்வை 1865-இல் வாசிப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்துவிட்டது. மெண்டலைப் போல அவர் எண்ணிக் கணக்கிடவில்லை. அதனால் விதி அவர் கைக்கு வரவில்லை.

நமக்கு இங்கே முக்கியமானது மற்றொன்று. சஜ்ரே ஒப்பிட்ட ஐந்து பண்புகளும் பழத்தைச் சேர்ந்தவை. ஒரு கொடி எத்தனை காய்க்கிறது, எத்தனை கிளை விடுகிறது என்பவை அப்பட்டியலில் இல்லை. இது அவர் பிழையன்று. பாரிஸைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் கண்ணாடி மூடிகளின் கீழே முலாம்பழம் வளர்த்து, கொடியை நறுக்கி, ஓரிரு காய்களை மட்டுமே விட்டுவைத்தவர்கள். மகசூலைத் தீர்மானித்தது அவர்கள் கையிலிருந்த கத்தி.

பரந்த வயல்களில் இக்கத்தி உதவாது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் 1925-ஐ ஒட்டிச் சாம்பல் நோய் பெருஞ்சேதம் விளைத்தது. அந்நோய் இலையைத் தாக்குவது. இலை கருகினால் சர்க்கரை ஊறாது. நிழலிழந்த பழம் வெயிலில் வெந்துபோகும். நோய்க்கு ஈடுகொடுத்தவை இந்தியாவிலிருந்து வந்த விதைகளின் செடிகள். அவற்றின் பழம் உண்ணச் சுவையற்றது. பழத்தை மட்டும் பார்த்திருந்தால் அவை குப்பைக்குப் போயிருக்கும். ஜேகர் முதலியோர் பழத்தை விடுத்து இலையைப் பார்த்தார்கள். அந்த எதிர்ப்பாற்றலை உள்ளூர் வகைகளில் சேர்த்து 1936-இல் ‘பி.எம்.ஆர். 45’ என்ற வகையை அளித்தார்கள். 1938-இலேயே அதையும் தாக்கும் புதிய நோய்வடிவம் அப்பள்ளத்தாக்கில் பதிவாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும், சுவையற்ற கொடியிலும் செல்வம் இருக்கலாம் என்ற பாடம் நிலைத்தது.

அடுத்த படி, கொடியின் வடிவத்தையே தேர்ந்தெடுப்பது. பெரும்பாலான முலாம் வகைகளில் ஆண்பூக்கள் தண்டெங்கும் மலரும். காயாகக்கூடிய பூக்களோ பக்கக் கிளைகளின் முதற் கணுக்களில்தான் தோன்றும். கிளை மிகுந்தால் காய்க்கும் இடமும் மிகும். அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் கலிபோர்னியாவிலும் வளர்த்துச் சோதித்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, கிளை மிகுந்த வகையை ‘டாப் மார்க்’ என்ற வணிக வகையுடன் கலந்து பார்த்தது. கிளைகளின் எண்ணிக்கையும் காய்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் கூட்டுத்தன்மையுடன் மரபுவழி வருகின்றன என்று அது கண்டது. அதாவது ஒரே பண்பு ஓங்கி நிற்பதில்லை. சிறுசிறு பங்குகள் சேர்ந்து பெருகுகின்றன. ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து அவற்றை உயர்த்த முடியும்.

ஆனால் கொடி தன் கணக்கை விட்டுக்கொடுப்பதில்லை. காய்கள் கூடினால் ஒவ்வொன்றின் எடையும் குறைகிறது. முதலில் பிடித்த காய்கள் பின்வரும் பிஞ்சுகளை உதிரச் செய்கின்றன. இலைகள் சமைக்கும் சர்க்கரை ஓர் அளவுக்கு உட்பட்டது. பந்தியில் ஆள் கூடினால் பங்கு சுருங்குவது போலத்தான். எண்ணிக்கை, எடை, இனிப்பு ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்கிறவர் மற்ற இரண்டையும் தொட்டுவிடுகிறார்.

தேர்வு என்பது ஒன்றை எடுப்பது மட்டுமன்று, எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பதும்தான். பாரிஸ் தோட்டக்காரர் அதைத் தம் கத்தியால் முடிவு செய்தார். இன்றைய ஆய்வாளர் விதைக்குள்ளேயே முடிவு செய்ய முயல்கிறார். இருவரும் எதிர்கொண்டது ஒரே கொடியைத்தான்.