கமெராவுக்கு முன்னும் பின்னும்

1982இல் ழான் ரூஷ் பாரிசில் தொடங்கிய இனவரைவியல் திரைப்பட விழாவில் பார்வையாளனாக இருந்திருக்கிறேன். அங்கே கொண்டாடப்படும் பண்பாடுகளில் அகதியான என்னுடையதும் ஒன்றாகலாம். அதனாலேயே ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வருகிறது. ஆபிரிக்கரைப் பூச்சிகளைப்போலப் பார்க்கிறீர்கள் என்று 1965இல் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் ரூஷிடம் நேரிலேயே குற்றஞ்சாட்டினார்.

ரூஷின் 'நான், ஒரு கறுப்பன்' (1958) படத்தில் அபிஜான் துறைமுகக் கூலியாக வந்து, தன் கதையைத் தானே பேசியவர் நைஜரைச் சேர்ந்த உமரு கந்தா. குரல் அவருடையது, படமோ ரூஷினுடையது. இந்தோசீனாவில் பிரான்சுக்காகப் போரிட்ட கந்தா, அந்த அனுபவத்தைப் பின்னர் 'கபாஸ்காபோ' என்று தானே படமாக்கினார். 1972இல் வகாடூகு ஆபிரிக்கத் திரைப்பட விழாவின் பெரும்பரிசு அவருடைய இன்னொரு படத்துக்குக் கிடைத்தது.

எம்மைப் படமெடுக்க வருவோர் வரட்டும். ஆனால் எமது படங்களை எடைபோடும் அரங்கு எம்முடையதாக இருக்கவேண்டும்.