பெரகலைப் பாறைகளும் சமதானி ஆய்வும்

ஆனந்த குமாரசுவாமியைக் கலைத் திறனாய்வாளராகவே நாம் போற்றிவந்துள்ளோம். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் பணிப்பாளராயிருந்தமை நமது இலக்கிய வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. இம்மறதி தற்செயலானதன்று, விஞ்ஞானத்தைப் பண்பாட்டுக்குப் புறம்பானதாகக் கருதும் புலமை மரபின் விளைவு அது.

பெரகலையிலிருந்து மேற்கே இறங்கும் வீதி பலாங்கொடையை அடைகிறது. அப்பகுதியில் மாணிக்கக்கல் அரிப்போரின் கூடைகளில் தங்கிய கரிய, கனத்த மணிகள் குமாரசுவாமியின் ஆய்வுக்கு வந்தன. 1904இல் லண்டன் பேரரசு நிறுவகம் அவற்றைப் பகுத்தாய்ந்து, பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனக் கண்டது. ‘தோரியனைற்று’ என்னும் பெயரும் அங்கேயே சூட்டப்பட்டது. இதில் தூய அறிவார்வம் மட்டுமே செயற்பட்டதெனல் பொருந்தாது. ஐரோப்பிய நகரங்களின் வாயுவிளக்கு வலைகளுக்கு அன்று தோரியம் தேவைப்பட்டது.

எனினும், சந்தைக்காகத் தேடப்பட்ட பொருள் சந்தையைக் கடந்த உண்மையொன்றையும் வெளிக்கொணர்ந்தது. 1913இல் சமதானி (ஐசோடோப்பு) என்னும் சொல்லை வழங்கிய பிரெடெரிக் சொடி, அக்கருத்தை நிறுவும்பொருட்டு இலங்கைத் தோரைற்றினின்று ஈயத்தைப் பிரித்தார். சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2, இவ்வீயத்தினதோ ஏறத்தாழ 207.7. தோரியம் படிப்படியாகச் சிதைந்து ஈயம் 208 ஆக முடிவதே காரணம். சடப்பொருள் தன் வரலாற்றைத் தன் எடையிலேயே தாங்கி நிற்பது இவ்வாறு புலனாயிற்று. (நமது தத்துவ விவாதங்களில் இவ்வுதாரணம் ஏனோ எடுத்தாளப்படுவதில்லை.)

1988இல் மைன்சு நகர ஆய்வாளர்கள் இலங்கைப் பாறைகளின் நியோடிமியச் சமதானிகளை அளந்து வெளியிட்டனர். பூமியின் மென்மூடியை ஆராய்ந்து புகழ்பெற்ற ஆல்பிரெக்ட் ஹொஃப்மனும் அவர்களுள் ஒருவர். சமாரியம் 147 சிதைந்து நியோடிமியம் 143 ஆகிறது. அரைவாழ்வு 10,600 கோடி ஆண்டுகள். மென்மூடி உருகும்போது நியோடிமியம் கூடுதலாக உருகலோடு சென்று புவியோட்டிற் சேர, சமாரியம் ஒப்பீட்டளவில் கீழே எஞ்சுகிறது. ஆகவே இவற்றின் விகிதங்களைக் கொண்டு, ஒரு பாறையின் மூலப்பொருள் மென்மூடியை விட்டுப் பிரிந்த காலத்தைக் கணிக்கலாம். பெரகலை அமைந்துள்ள உயர்நிலத் தொகுதிக்கு ஏறத்தாழ 200 முதல் 300 கோடி ஆண்டுகளும், வெல்லவாயைக்குக் கிழக்கே பரந்த விஜயன் தொகுதிக்கு 100 முதல் 200 கோடி ஆண்டுகளும் கிடைத்தன. கொஸ்லந்தை வழியாக இறங்கும் பயணி, பிறப்பால் வேறான இரு நிலங்களைக் கடக்கிறார்.

புவிச்சரிதவியலாளர் மாதிரி எடுக்கத்தக்க, காலநிலையால் சிதையாத பாறைமுகம் பெரும்பாலும் வீதிவெட்டுகளிலும் கற்குழிகளிலுமே கிடைக்கும். மலையகத்தில் அவ்வெட்டுகளைப் பிளந்து திறந்தோருள் தமிழகத்தினின்று கொணரப்பட்ட தொழிலாளரும் அடங்குவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களது வழித்தோன்றல்களிடம் தந்தையின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது.