பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா: நெய்வேலி உரத் தொழிலின் வரலாறு

கடலூர் மாவட்டத்தில் வடக்குத்து என்னும் ஊரை ஒட்டி விரிந்துள்ள நெய்வேலி இன்று மின்சாரத்தால் அறியப்பட்டாலும், 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பிறகு உருப்பெற்ற ஒருங்கிணைந்த திட்டத்தில் சுரங்கம், அனல்மின் நிலையம் ஆகியவற்றோடு உரத் தொழிற்சாலைக்கும் உரிய இடம் இருந்தது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டு, 1962இல் மின் உற்பத்தி தொடங்கி, 1966இல் யூரியாவும் உற்பத்தியானபோது, ஏறத்தாழ பாதி எடை ஈரமாக உள்ள ஒரு நிலக்கரியை எரிபொருளாக மட்டுமன்றி வேதிமூலப்பொருளாகவும் கையாள முடியும் என்பது தமிழ்நாட்டில் நிலைநாட்டப்பட்டது.

இதற்கு அடிப்படையாக அமைந்தது, ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் விங்க்லர் 1920களில் உருவாக்கிய வளிமமாக்கும் முறையாகும். உலர்த்திப் பொடியாக்கிய நிலக்கரியின் அடியிலிருந்து ஆக்சிஜனையும் நீராவியையும் செலுத்தும்போது, துகள்கள் உலையில் கொதிக்கும் அரிசியைப் போலப் புரண்டு கலக்கின்றன. பாய்மப் படுகை எனப்படும் இந்நிலையில் வெப்பம் எங்கும் சீராகப் பரவுவதால், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் அடங்கிய வாயு தடையின்றிக் கிடைக்கிறது. அந்த வாயுவைத் தூய்மைப்படுத்திப் பெற்ற ஹைட்ரஜன், காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனோடு உயரழுத்தத்தில் சேர்ந்து அம்மோனியாவாகிறது. அம்மோனியா கார்பன் டை ஆக்சைடுடன் வினைபுரிந்து யூரியாவாகிறது.

கரைசலில் உள்ள யூரியாவை உழவர் கையில் அள்ளித் தூவும் குருணையாக்குவது படிகமாக்கலின் பணி. பொதுவாக யூரியா ஆலைகளில், நீர் நீக்கப்பட்ட உருகல் உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து துளிகளாகச் சிதறடிக்கப்பட, கீழிருந்து எழும் காற்று துளிகளின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ள, அவை விழும்போதே படிகமாகி உறைகின்றன. யூரியா உருகுவது ஏறத்தாழ 133 டிகிரி செல்சியசில்; அதற்குமேல் நெடுநேரம் வைத்திருந்தால் பையூரெட் என்னும், பயிருக்குக் கேடான சேர்மம் பெருகும்; ஈரம் எஞ்சினால் மூட்டைக்குள்ளேயே உரம் கட்டி தட்டும். ஆகவே வெப்பநிலை, நேரம், ஈரம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவதே பொறியாளரின் தேர்ச்சி. படிகமாக்கல் இப்பகுதிக்குப் புதிதன்று: இதே கடலூர் மாவட்டத்தில், நெல்லிக்குப்பம் ஆலை 19ஆம் நூற்றாண்டு முதலே சர்க்கரைப் படிகங்களை வளர்த்துவந்தது. அங்கே பாகு மெல்லக் கிளறப்பட்டுப் பல மணிநேரம் வளரும் படிகம், உரக் கோபுரத்தில் சில விநாடிகளில் உருவாக வேண்டியிருந்தது.

1970களின் இறுதிவாக்கில் நெய்வேலியில் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் மூலப்பொருளானது. இயற்கை எரிவாயுவில் இயங்கும் புதிய ஆலைகளின் செலவோடு போட்டியிட இயலாத நிலையில், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உர உற்பத்தி நின்றது. ஆயினும் அது வீண்போன முயற்சியன்று. ஒடிசாவின் தால்ச்சரில் நிலக்கரியை வளிமமாக்கி யூரியா தயாரிக்கும் ஆலைக்கு 2018இல் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்தே, அந்தத் தொழில்நுட்பத்தின் தேவை மீண்டும் உணரப்பட்டிருப்பது விளங்கும். நெய்வேலியின் இயக்கக் குறிப்புகளையும், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், தொழிலாளர்களின் பட்டறிவையும் அவர்கள் வாழும் காலத்திலேயே திரட்டி ஆவணமாக்குவது, தமிழகத் தொழில் வரலாற்றுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.